வாழைநார் முடிச்சும் இரண்டாம் பாகமும்
கும்பகோணத்தில் மூன்று வாசகர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டு பீரோவில் காமிக்ஸ் புத்தகங்களோடு ஒரு நோட்டும் இருக்கிறது. யார் எதை எடுத்துப்போனார்கள், எப்போது திருப்பினார்கள் என்று எழுதிவைக்கும் இரவல் நோட்டு. கூட்டுறவு வங்கியில் இருபத்தைந்து வருஷமாகப் பேரேடு எழுதுகிற கை வீட்டிலும் சும்மா இருக்காது. போன தை மாதம் அதைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. தொடர்கதைகளில் முதல் பாகத்தை எடுத்தவர்கள் நிறையப் பேர். இரண்டாம் பாகத்துக்கு எதிரே இருந்த பெயர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு வந்தவர்கள் அநேகமாகக் கடைசிவரை வந்திருந்தார்கள். வண்டி குடைசாயும் இடம் இரண்டாம் பாகம்தான்.

முதல் பாகத்தைத் திருப்பும்போது "பிரமாதம் சார், அடுத்தது எப்ப?" என்று வாசலிலேயே நின்று கேட்டவர், இரண்டாம் பாகத்தைப் பாதியில் மூலை மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொஞ்சம் வேலை சார்" என்கிறார். வேலை முதல் பாகத்தின்போதும் இருந்ததுதானே? அந்தச் சூடு எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. ஒரு புத்தகம், மூன்று வாசகர்கள், பக்கத்தில் ஒரு நோட்டு.

எடுத்துக்கொண்ட தொடர் 'ரத்தப்படலம்'. காமிக்ஸ் வாசகர்களுக்கு இதை அறிமுகம் செய்வது காவிரிக்கரைக்காரனுக்குக் காவிரியைக் காட்டுகிற வேலை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெல்ஜியத்துக்காரர்களான ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்தது. மூலத்தில் தொடரின் பெயரே பதிமூன்று என்ற ரோமன் எண்தான். முதல் ஆல்பம், அதாவது முதல் பாகப் புத்தகம், 1984இல் வந்தது, இரண்டாவது 1985இல். தமிழில் லயன் காமிக்ஸ் இதைப் பாகம் பாகமாக, வாசகர்களைக் காக்கவைத்துக் காக்கவைத்து வெளியிட்டது. 2010இல் 18 பாகங்களையும் ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பது அந்தக் குண்டுப் புத்தகம்தான். எண்ணூறு பக்கத்துக்கு மேல். தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

இனிமேல் கதையின் சில முடிச்சுகள் அவிழும். படிக்காதவர்கள், படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போகலாம். எனக்கு வருத்தமில்லை.

முதல் பாகத்தின் கதை நாலு வரியில் அடங்கும். கடற்கரையில் ஒருவன் தலையில் குண்டடி பட்டு ஒதுங்கிக் கிடக்கிறான். ஒரு வயதான தம்பதி எடுத்துப்போய்க் காப்பாற்றுகிறார்கள். அவனுக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. கழுத்தெலும்பின் மேல் அந்தப் பதிமூன்று பச்சை குத்தியிருக்கிறது. இறந்துபோன தங்கள் மகனின் பெயரையே அவனுக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள் அந்தக் கிழவனும் கிழவியும். கொஞ்ச நாளில் கொலைகாரர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். தம்பதி சாகிறார்கள். அவன் தன்னைத் தானே தேடிக் கிளம்புகிறான். கடைசியில் ஒரு ராணுவ அதிகாரி அவனை உட்காரவைத்து ஒரு படச்சுருளைப் போட்டுக் காட்டுகிறார். அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவன் நீதான் என்கிறார்.

இதைவிட வலுவான முதல் பாகம் எனக்குத் தெரிந்து குறைவு. அதனால்தான் எடுத்தேன். முதல் பாகமே சுமாராக இருந்தால் இரண்டாம் பாகத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

மூன்று பேர்

முதல் ஆள் என் தங்கை மகள், ஒன்பதாம் வகுப்பு. காமிக்ஸ் என்று அதுவரை அவள் படித்தது வார மலர்களில் வந்த படக்கதைத் துணுக்குகள் மட்டும். இரண்டாவது, பெரிய கடைத்தெருப் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் தம்பி, இருபத்து நாலு வயது. ஜப்பானிய அனிமே தொடர்களில் ஊறிப்போனவன். மூன்றாவது, ஆடுதுறைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் இரும்புக்கை மாயாவியை விடாமல் படித்தவர், பிறகு நாற்பது வருஷம் தொடவே இல்லை.

புத்தகம் ஒன்றுதான். அதனால் சுற்று முறை. முதலில் பாப்பா, பிறகு தம்பி, பிறகு கணக்குப்பிள்ளை. ஆளுக்கு ஒரு வாரம். மூன்றாவது ஆள் முடித்த பிறகு புத்தகம் திரும்பப் பாப்பாவிடம் வரும், இரண்டாம் பாகத்துக்கு. ஆக எல்லோருக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி தானாகவே கிடைத்தது. பழைய மாத இதழுக்குக் காத்திருந்த மாதிரியே.

ஆனால் குண்டுப் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பாகம் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பினால் இரண்டாம் பாகம் அங்கேயே நிற்கிறது. கிளிப் போட்டால் அட்டை வளையும். ரப்பர் பேண்டு போட்டால் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். கடைசியில், மொட்டை கோபுரத்தடியில் பூ விற்கும் அம்மாவிடம் ஒரு முழம் வாழைநார் வாங்கி, தண்ணீரில் நனைத்து, இரண்டாம் பாகத்திலிருந்து கடைசி அட்டைவரை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டினேன். பூக்கட்டும் முடிச்சு எனக்கு வராது. நான் போட்டது மூட்டை கட்டுகிற முடிச்சு. இது பின்னால் உதவியது.

முதல் சுற்று

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் புத்தகம் கிளம்பியது. மேட்டூர் தண்ணீர் வந்து அரசலாறு நிரம்பி ஓடிக்கொண்டிருந்த சமயம்.

பாப்பா மூன்று நாளில் முடித்துவிட்டாள். நாலாம் நாள் தங்கை போன் செய்தாள்: "என்னண்ணே புஸ்தகம் குடுத்திருக்க? கழுத்துல பேனாவால என்னமோ கிறுக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கா." என்னமோ இல்லை, பதிமூன்றுதான். இடது கழுத்தெலும்பின் மேல், சரியான இடத்தில்.

தம்பி ஒரே இரவு. பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி. பின்னணியில் கடைச் சாத்தும் சத்தம்கூட இல்லை, வீட்டிலிருந்துதான். "அண்ணே, தூங்க முடியலண்ணே. இவன் ஜனாதிபதியச் சுட்டானா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க." நான் சொல்லவில்லை. மறுநாள் கடைக்கு வந்த நாலு பேரிடம் கதையைச் சொல்லியிருக்கிறான். ஒருவர் என் வீட்டுக்கே வந்து கேட்டார்.

கணக்குப்பிள்ளை அந்த வாரம் முழுக்க எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது கொலைகாரர்களைப் பற்றியோ ஜனாதிபதியைப் பற்றியோ பேசவில்லை. "அந்தக் கிழவன் கிழவி தம்பி" என்று ஆரம்பித்து, "செத்த பிள்ளை பேர வச்சுக் கூப்பிட்டா வீடு தாங்குமா? தாங்காது. அப்பவே நெனச்சேன்" என்றார். பித்தளை டம்ளரில் காபி ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மூவரும் "பிரமாதம்" என்றார்கள். நோட்டில் மூன்று டிக் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் மூவரின் ஆர்வமும் ஒன்று என்றுதான் நினைத்திருப்பேன். ஒருத்திக்கு அந்த எண், ஒருவனுக்கு அந்தக் குற்றச்சாட்டு, ஒருவருக்கு அந்த வீடு. ஒரே புத்தகத்தில் மூன்று வெவ்வேறு வாசலில் நுழைந்திருக்கிறார்கள். இரண்டாம் பாகம் எந்த வாசலைத் திறந்துவைக்கிறது, எதைச் சாத்துகிறது என்பதுதான் கேள்வியே.

இடைவெளி

காத்திருக்கும் நாட்களில் என்ன நடக்கிறது என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் தனி அக்கறை. நான் பன்னிரண்டு வயதில் மாயவரம் பஸ் ஸ்டாண்டு கடையில் இந்தத் தொடரின் ஒரு பாகத்தை வாங்கிவிட்டு, அடுத்த பாகம் கண்ணில் படாமல் வருஷக்கணக்கில் திரிந்தவன். கிடைக்காத பாகத்தை நானே மனசுக்குள் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். பிறகு உண்மையான பாகம் கைக்கு வந்தபோது, என் பாகம் அதைவிட நன்றாக இருந்த மாதிரி ஒரு ஏமாற்றம். அந்த வயதில் அதை வெளியே சொல்ல முடியுமா?

பாப்பாவும் அதையே செய்துகொண்டிருந்தாள். மினி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும் வழியில் சிநேகிதிகளுக்குக் கதை சொல்லி, சொல்லச் சொல்ல ஒரு கணக்குக்கு வந்திருந்தாள். "இவன் பதிமூணுன்னா, முன்னாடி பன்னெண்டு பேர் இருக்கணும்ல மாமா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினேன். இந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு அவள் எவ்வளவு கிட்டத்தில் போய்விட்டாள் என்பது தெரியும்.

தம்பி இதற்குள் இரண்டு அனிமே தொடர்களை முடித்திருந்தான். அவனுக்குக் காத்திருப்பது என்றால் அடுத்த வாரம்வரைதான், அதற்குமேல் பழக்கமில்லை. கணக்குப்பிள்ளைக்குக் கதாபாத்திரங்களின் பெயர் ஒன்றுகூட ஞாபகமில்லை. கிழவன் கிழவியின் வீட்டை மட்டும் தன் சொந்தக்காரர் வீடு மாதிரி விவரித்தார்.

அப்புறம் அந்த முடிச்சு. தம்பியிடமிருந்து புத்தகம் வந்தபோது நார் கட்டியபடிதான் இருந்தது. ஆனால் சுருக்கு முடிச்சு. கேட்டேன். "ரெண்டு பக்கம்தாண்ணே பாத்தேன். அந்த ஆபீசர் விட்டானா இல்லையான்னு மட்டும்." இது ஆய்வைக் கெடுத்ததா என்றால், கெடுக்கவில்லை. முதல் பாகம் முடிந்த சூட்டில் முடிச்சை அவிழ்த்தவன் அவன் ஒருவன்தான். அவனேதான் இரண்டாம் பாகத்தைப் பாதியில் வைத்தான்.

இரண்டாம் பாகம்

முதல் பாகம் ஓட்டம் என்றால் இரண்டாம் பாகம் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது: ஸ்டீவ் ரோலண்ட். ராணுவ வீரன், இறந்துவிட்டதாகக் கருதப்பட்டவன், மனைவி பெயர் கிம். ஜெனரல் கேரிங்டன் வருகிறார். தொடர் முழுக்கக் கூட வரப்போகும் ஜோன்ஸ் வருகிறாள். அவன் தன் ஊருக்கு, தன் அப்பா வீட்டுக்குப் போகிறான். அப்பா பெரும் நிலச்சுவான்தார், முடியாமல் கிடக்கிறார். அவருடைய இளைய மனைவி, கூடவே சித்தப்பா, இருவரின் கண்ணும் சொத்து மேல். கொலை நடக்கிறது. பழி திரும்பி வந்தவன் தலையில்.

தம்பி வைத்த இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும், மடித்த மூலை அப்படியே இருந்தது. ஊருக்குத் திரும்பிய மகனைக் குடும்பம் வரவேற்கிற பகுதி. "பேர் தெரிஞ்சுபோச்சுண்ணே. பொண்டாட்டி பேர் தெரிஞ்சுபோச்சு, அப்பன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன இருக்கு? சீரியல் மாதிரி போகுது." இன்னொன்றும் சொன்னான், அதில் நியாயம் இருக்கிறது: "மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, யார் யாருன்னு தெரியல." வான்ஸ் நிஜ மனிதர்களை வரைவது போலவே வரைகிறவர். அகலத் தோள், சதுரத் தாடை. மூலத்தில் தலைமுடியின் நிறமும் சட்டையின் நிறமும் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். கறுப்பு வெள்ளைப் பதிப்பில் அந்த உதவி இல்லை. முதல் பாகத்தில் ஓடுகிறவன் ஒருவன், துரத்துகிறவர்கள் சிலர், குழப்பமில்லை. ஒரு கூடத்துக்குள் நாலைந்து பேரை உட்காரவைத்தால் பக்கத்துக்குப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேகத்துக்காகப் படிக்கிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

கணக்குப்பிள்ளை விஷயம் தலைகீழ். புத்தகத்தை வாங்கிய மூன்றாம் நாளே வந்துவிட்டார். குறுவை அறுவடை தொடங்கி மில்லில் நெல் வந்து குவிகிற நேரம், மூட்டைக்கும் லாரிக்கும் நடுவே படித்திருக்கிறார். அட்டையில் தவிடு. "இதுல்ல தம்பி கதை! மொதப் பாகத்துல சும்மா சுட்டுக்கிட்டே இருந்தானுங்க." பிறகு என்னைத் திகைக்கவைத்த ஒரு கேள்வி கேட்டார். "அந்த அப்பனுக்கு எத்தனை வேலி இருக்கும்?"

வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இருபது மா ஒரு வேலி, நூறு குழி ஒரு மா. இப்போது பட்டாவில் ஹெக்டேர் என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் இங்கே சொத்துத் தகராறு பேசும்போது வாயில் வருவது வேலியும் மாவும்தான். அமெரிக்கத் தெற்கில் ஒரு பணக்கார வீடு, இளைய தாரம், சித்தப்பன், முடியாமல் கிடக்கும் பெரியவர், செத்துப்போனதாக நினைத்த மூத்த மகன் திடீரென்று வாசலில். அவர் எந்தச் சிரமமும் இல்லாமல் இதைத் திருவிடைமருதூருக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "இந்த மாதிரி ஒரு கேசு எனக்குத் தெரியும்" என்று ஒரு மணி நேரம் சொன்னார், அது இங்கே வேண்டாம். ஆனால் அவர் ஆர்வத்தை இரண்டாம் பாகம் தக்கவைத்ததா என்று கேட்டால், தக்கவைக்கவில்லை என்பேன். அது அவருக்குள் புதிதாக வேறொன்றைக் கிளப்பிவிட்டது. முதல் பாகத்தின் கிழவன் கிழவியைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் இல்லை.

பாப்பாவுக்கு வருகிறேன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தது அவளிடம்தான்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிறு. அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் காபிக்குப் போகிறவன் மாதிரி போய்ப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். வாசிக்கிற முகத்தில் பழைய பரபரப்பு இல்லை. கழுத்தில் பேனா இல்லை. "நல்லா இருக்கா?" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். நோட்டில் ஆர்வம் குறைவு என்று எழுதக்கூட எழுதிவிட்டேன், அந்த வரி அடித்தபடி இன்னும் இருக்கிறது.

பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். வலது கையால் இரண்டாம் பாகத்தைப் பிடித்திருந்தாள். இடது கட்டைவிரல் முதல் பாகத்துக்குள் செருகியிருந்தது. அந்தக் கனத்தில் விரல்நுனி வெளுத்திருந்தது. நாலு பக்கம் படிப்பாள், கட்டைவிரல் இருக்கும் பக்கத்தைத் திறப்பாள், ஒரு கட்டத்தைப் பார்ப்பாள், மறுபடி இங்கே வருவாள். அரை மணி நேரத்தில் பதினொரு தடவை எண்ணினேன். முதல் பாகத்தின்போது அவள் ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை. போக என்ன இருந்தது? எல்லாம் முன்னால்தானே ஓடியது.

கடைசியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் இவன ஸ்டீவ், ஸ்டீவ்னு சொல்றாங்க மாமா. ஆனா இவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. சொந்த அப்பா, சொந்த வீடு, ஒண்ணுகூட வரல. மூஞ்சி ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?"

எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்த மாதிரி உள்ளே போய்விட்டேன்.

படித்தவர்களுக்குத் தெரியும்: அவன் ஸ்டீவ் ரோலண்ட் இல்லை. ரோலண்டின் முகம் அறுவைச் சிகிச்சையால் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. இது அடுத்தடுத்த பாகங்களில் வெளிவருகிறது. வான் ஹாம் இரண்டாம் பாகத்தில் வாசகனுக்கு ஒரு விடையைத் தட்டில் வைத்து நீட்டுகிறார், அந்த விடை பொய். தம்பி அதை வாங்கிக்கொண்டான். கேள்வி தீர்ந்துவிட்டது, எழுந்துவிட்டான். கணக்குப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டார், அதனால்தான் மகன், அப்பன், சொத்துப் பங்கு என்று அவருக்குக் கதை சூடு பிடித்தது. பாப்பா வாங்கிக்கொள்ளவில்லை. முதல் பாகத்தில் "அடுத்து என்ன" என்று இருந்த அவளுடைய ஆர்வம், இரண்டாம் பாகத்தில் "இது மெய்யா" என்று மாறிவிட்டது. சத்தம் குறைந்ததைப் பார்த்து நான் சூடு குறைந்தது என்று எடுத்துக்கொண்டேன். என் நோட்டில் இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு இந்தத் தவறைச் செய்தேனோ.

வேறு தொடர்களோடு வைத்துப் பார்த்தால்

இரண்டாவது இதழில் தடுமாறுவது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. அமெரிக்க காமிக்ஸ் நாயகன் ஹல்க் 1962 மே மாதத் தேதியிட்ட முதல் இதழில் சாம்பல் நிறம். அந்தக் கால அச்சில் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்தது. ஜூலையில் வந்த இரண்டாவது இதழில் ஆள் பச்சை. நிறத்தைச் சரிசெய்துவிட்டார்கள், ஆளைச் சரிசெய்யவில்லை. இரவில் மாறுகிறவன், பிறகு இன்னொருவன் சொல்படி ஆடுகிறவன், பிறகு எந்திரத்தால் மாறுகிறவன் என்று இதழுக்கு இதழ் விதி மாறிக்கொண்டே இருந்தது. ஆறாவது இதழோடு, 1963 மார்ச்சில், கடை சாத்தப்பட்டது. வேறொரு பத்திரிகையில் புகுந்து மறுபிறவி எடுத்தது தனிக் கதை.

நம் இரும்புக்கை மாயாவி இன்னும் சுவாரசியம். பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கியவர், 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தார். முதல் கதையில் அவர் நல்லவர் கிடையாது. மாயமாக மறைய முடிகிறது என்றதும் குற்றத்தில் இறங்குகிறவர். பிறகுதான் நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. முதல் கதையின் இருட்டை அப்படியே நீட்டியிருந்தால் ஊர் ஊராகப் பையன்கள் அவரைத் தூக்கிக் கொண்டாடியிருப்பார்களா என்பது சந்தேகம். கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. "மாயாவி திருடனா? போய்யா." ஐம்பது வருஷத்தில் அவர் மனதில் முதல் கதை அழிந்து, இரண்டாவதிலிருந்துதான் மாயாவி தொடங்குகிறார்.

வான் ஹாமே வேறு தொடரில் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். லார்கோ வின்ச்சில் இரண்டு ஆல்பத்துக்கு ஒரு கதை. அங்கே இரண்டாவது ஆல்பம் என்றால் முடிவு, வாசகன் விடை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ரத்தப்படலத்தின் இரண்டாம் பாகம் விடை மாதிரி வேஷம் போட்ட கேள்வி. தம்பிக்கு நான் லார்கோவைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆய்வில் என் தப்புகள்

மூன்று பேர் போதாது, அது தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. தம்பியிடம் இரண்டாம் சுற்றுக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, "மொதப் பாகமே இப்படின்னா இது எப்படி இருக்கும்னு பாத்துக்க" என்று வாய்விட்டுவிட்டேன். அவன் எதிர்பார்த்துப் போனது இன்னும் வேகமான ஒரு முதல் பாகத்தை. அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் மடித்த மூலை இன்னும் பத்துப் பக்கம் தள்ளி இருந்திருக்கலாம். புத்தகத்தை இரவல் கொடுக்கிறவன் வாயையும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, பாப்பா என் வீட்டுப் பெண். நான் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகியதையும் தண்ணீர் குடிக்கப் போனதையும் வைத்தே அவள் பாதியை ஊகித்திருக்கக்கூடும். அவள் அம்மா அப்படித்தான், சின்ன வயதில் சீட்டாட்டத்தில் என் முகத்தைப் பார்த்தே ஜெயிப்பாள்.

பிறகு

நோட்டில் இப்போது ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன். "பிடித்ததா" என்ற இடத்துக்குப் பக்கத்தில் "முதல் பாகத்தில் எது பிடித்தது" என்று. மூன்றாம் பாகத்தைக் கணக்குப்பிள்ளை கேட்டு வாங்கிப்போனார். அதில் கதை நிலத்தை விட்டுவிட்டு மனநலச் சிறைக்குள் போகிறது. பத்து நாளில் திருப்பிவிட்டார். "சொத்து கடைசியில யாருக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லு, போதும்." தம்பி கடைப்பக்கம் போனால், டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "அண்ணே, அவன் சுட்டானா இல்லையா?" என்று இன்னமும் கேட்கிறான். படி என்கிறேன். பார்க்கலாம் என்கிறான்.

பாப்பாவிடம் மூன்றாம் பாகம் மட்டும் என்று சொல்லி, மீதியைப் புது நாரால் கட்டிக் கொடுத்தனுப்பினேன். தேர்வு முடிந்து தீபாவளிக்கு முந்தின வாரம் புத்தகம் திரும்பி வந்தது. நார் இல்லை.

"முடிச்சு எங்கம்மா?"

"அம்மா பூக்கட்ட எடுத்துக்கிட்டாங்க மாமா."

புத்தகத்தைத் திறந்தேன். மினி பஸ் டிக்கெட் ஒன்று அடையாளத்துக்கு வைத்திருந்தது, ஆறாம் பாகத்தில்.